ஐந்து விமானம், ஒரு பரிவட்டம்

கருக்கம்பாளையத்துப் பொன்காளியம்மன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. குடமுழுக்கு அன்று எந்த வீட்டுப் பிள்ளை மிகத் தொலைவிலிருந்து வந்து சேர்கிறதோ, அந்த வீட்டுப் பெரியவருக்குத்தான் முதல் பரிவட்டம். காங்கேயத்திலிருந்தும் பல்லடத்திலிருந்தும் பங்காளிகள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்த காலத்தில் ஏற்பட்டது இது. மாடுகள் களைத்திருக்கும், வந்தவர் அதைவிடக் களைத்திருப்பார், அவரைக் கூட்டத்தில் பின்னால் நிற்க வைப்பது பாவம் என்று யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் நினைத்திருக்க வேண்டும். அவர் விமானத்தை எதிர்பார்க்கவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நடந்த குடமுழுக்கில் பரிவட்டம் சின்னுசாமிக்குப் போயிற்று. அவர் கோழிப்பண்ணைக்காரர். மகன் மோகன்குமார் அப்போது டெல்லியில் படித்துக்கொண்டிருந்தான். பதினான்கு லாரிகளுக்குச் சொந்தக்காரரான மயில்சாமியின் மகள் தனப்பிரியாவோ திருச்செங்கோட்டில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பதினோரு கிலோமீட்டர். பட்டுத்துணி சுற்றிய சின்னுசாமியின் தலையை மயில்சாமி மூன்றாவது வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அதற்கப்புறம் மகளின் படிப்பில் அவர் காட்டிய அக்கறையை ஊரே மெச்சியது. கோயமுத்தூரில் இடம் கிடைத்தது, பக்கம் என்றார். சென்னையில் கிடைத்தது; அதுவும் பக்கம்தான் என்றார். கடைசியில் நியூசிலாந்தில், ஆக்லாந்து என்ற ஊரில் இடம் கிடைத்து அங்கேயே வேலையும் அமைந்தது. சுவரில் மாட்டியிருந்த உலகப்படத்தில் அந்த ஊர் வலது பக்கக் கீழ் மூலையில், அதற்கு மேல் தாளே இல்லாத இடத்தில் இருந்தது. மயில்சாமிக்கு மனம் நிறைந்தது. உலகமே அங்கே முடிந்துவிடுகிறது. இதற்கு மேல் எவன் பிள்ளை எங்கே போய்விட முடியும்?

மோகன்குமார் டாலஸ் போனான்.

கோயில் கமிட்டித் தலைவர் ஜெகதீஸ்வரன் ஓய்வுபெற்ற சர்வேயர். எதையும் அளக்காமல் நம்பமாட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து பூமி உருண்டையை வாங்கிவந்து கமிட்டி மேசைமேல் வைத்து, இரண்டு ஊருக்கும் நூல் பிடித்து அளந்தார்.

"கோயமுத்தூரு டு ஆக்லாந்து பதினோராயிரத்து ஐநூறு கிலோமீட்டரு. கோயமுத்தூரு டு டாலஸ் பதினஞ்சாயிரத்து முன்னூறு. இந்தத் தடவையும் சின்னுசாமிக்குத்தானுங்க."

சின்னுசாமி துண்டைச் சரிசெய்துகொண்டார். மயில்சாமி எழுந்தார்.

"சர்வேயரே, அந்த நூலு மேல வண்டி ஓடுமாங்க?"

"பிளேனு நேராத்தானே போவுது?"

"நேராப் போனா என்ன, வளைஞ்சு போனா என்ன? நாமக்கல்லுல இருந்து சேலம் அம்பது கிலோமீட்டரு. நாமக்கல்லுல இருந்து கொல்லிமலையும் ஏறக்கொறைய அம்பதுதான். எழுவது கொண்டை ஊசி! லோடு வண்டி மேல ஏறி நிக்கறதுக்குள்ள, சேலத்துக்குப் போனவன் சாப்பிட்டுத் தூங்கியே எந்திரிச்சுருவான். ரெண்டும் ஒரே தூரம்னு எந்த டிரைவராச்சும் சொல்லுவானா? தூரம்னா என்னங்க? நேரந்தானுங்க தூரம்!"

கமிட்டியில் ஒன்பது பேர். அதில் ஆறு பேர் லாரிக்காரர்கள். "அதானே!" என்றது ஆறு குரல். சர்வேயர் வருத்தத்தோடு நூலைச் சுருட்டினார்.

நேரத்தை எப்படி அளப்பது? அதற்கும் லாரிக்காரர்களிடம் வழி இருந்தது. வண்டி கிளம்பும்போது ட்ரிப் ஷீட் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். கிளம்பின நேரத்தை டிரைவர் அதில் எழுத வேண்டும், போய்ச் சேர்ந்ததும் சேர்ந்த நேரத்தை எழுதி மூட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நடை. அதேபோல் பிள்ளைகள் பேரில் ஆளுக்கொரு ட்ரிப் ஷீட் போடுவது, கிளம்பும் ஊர்க் கடிகாரத்தில் என்ன மணியோ அது, கோயில் கடிகாரத்தில் சேரும்போது என்ன மணியோ அது, கழித்தால் வருவது நேரம் என்று தீர்மானம் ஆயிற்று. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரே கடிகாரத்தில் வண்டி ஓட்டிப் பழகிய ஆறு பேருக்கும் அதில் ஒரு கோளாறும் தெரியவில்லை.

சின்னுசாமிக்குத் தெரிந்தது. பகலில் கூப்பிட்டால் மகன் கொட்டாவி விடுவதை நாலு வருஷமாகக் கேட்பவர் அவர். "தீர்மானம் அருமைங்க" என்று முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து, ஆக்லாந்துக்குக் கூப்பிட்ட பிறகுதான் மயில்சாமிக்கு விஷயம் விளங்கியது.

"அப்பா, இங்க கடிகாரம் நம்ம ஊருக்கு ஆறரை மணி நேரம் முன்னாடி ஓடுது. நான் சிங்கப்பூர் வழியா வந்தா நெசமா இருவத்திரண்டு மணி நேரம். உங்க கணக்குல கழிச்சா பதினஞ்சரைதான் வரும்."

"அவன் பையனுக்கு?"

"டாலஸ் பத்தரை மணி நேரம் பின்னாடி. மோகன் அண்ணனுக்கு நெசமா இருவத்தெட்டரை. உங்க ட்ரிப் ஷீட்டுல முப்பத்தொம்பதாயிரும்."

மயில்சாமி கட்டிலில் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷம் லாரி ஓட்டி, ஓட்டவைத்து, இந்தியாவிலுள்ள எந்த இரண்டு ஊரைச் சொன்னாலும் மணிக்கணக்கு சொல்லிவிடுகிறவர். கோழிமுட்டை விற்கிற ஆள் கடிகாரத்தை வைத்துத் தன்னை ஓவர்டேக் செய்துவிட்டான்.

"நீ சுத்தி வா சாமி" என்றார்.

"எப்படிங்கப்பா?"

"சுத்தி! லோடு கெடைக்கற ஊருக்கெல்லாம் போயிட்டு வர்றதில்லியா, அந்த மாதிரி. நானே ரூட்டு போடுறேன்."

இரண்டு நாள் டிராவல்ஸ்காரனின் உயிரை எடுத்து அவரே போட்டார். ஆக்லாந்திலிருந்து சிட்னி, ஒன்பது மணி நேரம் காத்திருப்பு. சிட்னியிலிருந்து கோலாலம்பூர், பதினோரு மணி நேரம் காத்திருப்பு. அங்கிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து சேலம். வியாழன் சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பினால் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் கோயில். கடிகாரத்தில் கழித்தாலும் நாற்பத்தாறு வருகிறது. சின்னுசாமியைவிட ஏழு மணி நேரம் அதிகம்! மயில்சாமி எழுந்து நின்று தனக்குத் தானே கைதட்டிக்கொண்டார்.

"எனக்கு மொத்தமே ஏழு நாள் லீவுங்கப்பா. ரெண்டு நாளை ஏர்போர்ட்டு பெஞ்சுல உக்காந்தே தீக்கச் சொல்றீங்களா?"

"சாமிக்காகத்தானே கண்ணு?"

"எந்தச் சாமிக்கு? பொன்காளியம்மனுக்கா, மயில்சாமிக்கா?"

போன் கட்டானது. ஆனாலும் டிக்கெட் போட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. மறுநாளே சங்ககிரி பைபாஸிலிருந்து கோயில்வரை ஏழு இடத்தில் பேனர் நின்றது. 'ஐந்து விமானம்! நான்கு கடல்! ஐம்பத்திரண்டரை மணி நேரம்! அன்னையின் அருள் தேடிப் பறந்து வரும் அன்பு மகளே!' பேனருக்கு மட்டும் நிஜ நேரத்தையே போட்டிருந்தார். அதிகமாக இருப்பதுதான் அவருக்கு நிஜம். எதிர்ச்சாரியில் சின்னுசாமியும் பேனர் வைத்தார். அதில் மோகன்குமார் கறுப்புக் கண்ணாடி போட்டு விமானத்தின் மேல் நின்றுகொண்டிருந்தான்.

குடமுழுக்கு ஞாயிற்றுக்கிழமை. அதை ஊரெல்லாம் பார்க்க ஒரு பெரிய எல்இடி திரையை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். வியாழக்கிழமையே அது வந்துவிட்டது. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மைக்செட் வேல்முருகன் தன் செல்போனில் விமானங்கள் நகர்வதைக் காட்டும் ஆப்பைத் திரையோடு இணைத்தான். நீலக் கடல்மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம் ஊர்ந்தது.

"பக்தகோடிப் பெருமக்களே! மயில்சாமி அண்ணாரின் அருமைப் புதல்வி இதோ ஆஸ்திரேலியாவைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்!"

ஊர் திரண்டுவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் டாலஸ் விமானமும் சேர்ந்துகொள்ள, கம்பங்கூழ் ஊற்றும் இடத்தைவிடத் திரைக்கு முன்னால் கூட்டம் அதிகம். மயில்சாமி முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கோலாலம்பூர் ஏர்போர்ட்டின் விசாலத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

பத்தே கால் மணிக்கு மனைவி கண்ணாத்தாளிடமிருந்து போன்.

"ஏனுங்க, கொஞ்சம் ஊட்டுக்கு வாங்க."

"இப்ப எங்கடி வாரது? பாப்பா மலேசியாவுல இருக்குது!"

"பாப்பா அடுப்படியில இருக்குது. வாங்க."

வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மயில்சாமி ஓடினார். சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தனப்பிரியா இடியாப்பம்போல் பிழிந்த நாலாவது சந்தகையைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தேங்காய்ப்பால் கிண்ணம். சூட்கேஸ் இன்னும் திறக்கவில்லை.

"வந்துட்டேங்கப்பா" என்றாள் வாய் நிறைய.

"நீ... நீ சிட்னி டிக்கெட்டு?"

"கேன்சல் பண்ணிட்டேன். சிங்கப்பூர் வழியா நேரா கோயமுத்தூரு. அங்கிருந்து டாக்ஸி. உங்க பேனரெல்லாம் பாத்துக்கிட்டேதான் வந்தேன். அதுல என் மூக்கு என்னங்க இப்படி இருக்குது?"

மயில்சாமி ஜன்னலைச் சாத்தினார். அப்புறம் கதவைச் சாத்தினார். அப்புறம், எதற்கென்று தெரியாமல், ஃபிரிட்ஜையும் திறந்து சாத்தினார்.

"உன்னைய யாராச்சும் பாத்தாங்களா?"

"நாய் பாத்துச்சு."

"கண்ணாத்தா, இவ இன்னும் வரல. புரிஞ்சுதா? நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் இவ வரல!"

"வராத புள்ளைக்கு இன்னொரு சந்தகை போடட்டுங்களா?" என்றாள் கண்ணாத்தாள்.

அன்றைக்கெல்லாம் மயில்சாமி திரைக்கும் வீட்டுக்கும் நடந்து தேய்ந்தார். திரையில் மகள் பறந்தாள், வீட்டில் மகள் தூங்கினாள். சாயங்காலம் ஐந்தரைக்குக் கோலாலம்பூரிலிருந்து கொழும்பு விமானம் கிளம்பியபோது கூட்டம் விசிலடித்தது. அதே நேரம் டாலஸ் விமானம் ஐரோப்பாவின் மேல் வந்தது. சின்னுசாமி ஆட்கள் பட்டாசு கொளுத்தினார்கள். மயில்சாமி துண்டைச் சுழற்றினார். தன் மகள் அந்த விமானத்தில் இல்லை என்பது அவருக்கே அந்த நிமிஷத்தில் மறந்துபோயிற்று. "ஏறுடா, ஏறு, ஏறு!" என்று திரையைப் பார்த்து, சங்ககிரி மேட்டில் லோடு வண்டியை ஏற்றுகிறவர்போலக் கத்தினார்.

வீடு திரும்பி அந்தக் குதூகலம் அடங்குவதற்குள் தனப்பிரியா சொன்னாள்:

"அப்பா, ஒண்ணு சொல்றேன், வெளிய விடக்கூடாது. மோகன் அண்ணனும் பிளேன்ல இல்லை."

"என்ன?"

"லீவு தரலையாம். சின்னுசாமி பெரியப்பாகிட்டச் சொல்றதுக்குப் பயந்துக்கிட்டு டிக்கெட்டு மட்டும் அனுப்பிச்சுட்டு டாலஸ்லயே உக்காந்திருக்குது. நானே சொல்லிக்கறேன், நீ சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிருக்குது."

இரண்டு விமானத்திலும் ஆள் இல்லை. ஊரே ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தது. மயில்சாமி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு முகம் விரிந்தது.

"அப்ப நம்மளுக்குத்தான் பரிவட்டம்!"

"அப்படின்னா நான் வந்துட்டேன்னு சொல்லிரலாமில்லைங்கப்பா? எதுக்கு ஒளிஞ்சுக்கணும்?"

"பேனரு அடிச்சாச்சே சாமி."

சனிக்கிழமை விடிந்ததும் ஒரு லாரியின் கேபினில், டிரைவர் சீட்டுக்குப் பின்னாலுள்ள படுக்கையில், போர்வைக்கு அடியில் தனப்பிரியா சேலம் விமான நிலையத்துக்கு ஏற்றுமதியானாள். சென்னை விமானம் வந்து நின்றதும், மற்ற பயணிகளோடு கலந்து, இன்னும் திறக்காத அந்தச் சூட்கேஸைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். நாதஸ்வரம், ஆளுயர மாலை, பதினேழு கார். "ஐம்பத்திரண்டு மணி நேரப் பயணம் செஞ்ச களைப்பே தெரியல பாருங்க!" என்று வியந்தார்கள். சரியாக இரண்டு மணிக்குக் கோயில் வாசலில் சர்வேயர் தன் கடிகாரத்தைப் பார்த்து ட்ரிப் ஷீட்டை மூடினார். நாற்பத்தாறு மணி.

மோகன்குமார் பதினோரு மணிக்கே வந்திருக்க வேண்டும். அவனை அழைத்துவரப் பெங்களூர் விமான நிலையத்துக்குப் போன கார் வெறுமனே திரும்பியது. சின்னுசாமி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை கோயில் வாசலில் நின்றார். கேட்டவர்களிடமெல்லாம், "வந்துக்கிட்டிருக்கறான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை. கோபுரத்தின் மேல் கலசத் தீர்த்தம் தயார். ஒன்பது மணிக்குப் பரிவட்டம். ஜரிகைத் துணியைத் தட்டில் வைத்துக்கொண்டு பூசாரி நின்றார். மயில்சாமி தலையைச் சற்றுக் குனிந்தேவிட்டார்.

"ஒரு நிமிசமுங்க" என்றார் சின்னுசாமி. குரல் கரகரத்திருந்தது. "என்ற பையன் ட்ரிப் ஷீட்டு இன்னும் மூடல."

"அவன்தான் வரவேயில்லையே பங்காளி!" என்றார் மயில்சாமி.

"வரல. வந்துக்கிட்டிருக்கறான். வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணின்னு ஷீட்டுல எழுதியிருக்குது. சேந்த நேரம் எழுதல. நீங்கதானே சொன்னீங்க, நேரந்தான் தூரம்னு? சர்வேயரே, ஒம்போது மணிக்கு எத்தனை வருதுன்னு கழிச்சுச் சொல்லுங்க."

சர்வேயர் கழித்தார். "அறுவத்தொண்ணு."

லாரிக்காரர்கள் ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டி வந்து சேராதவரைக்கும் நடை முடியவில்லை; அது தொழிலின் சட்டம். அசாம் போன வண்டி பத்து நாள் நின்றாலும் பத்து நாளும் ட்ரிப்தான். "சரியாத்தானே சொல்றாரு" என்றார் ஒருவர்.

மயில்சாமிக்குக் கோபம் தலைக்கேறியது. வேல்முருகன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"பங்காளிகளே! அந்தப் பையன் பிளேன்லயே ஏறல! டாலஸ்லயே உக்காந்திருக்கறான்! ஏமாத்து வேலை!"

எட்டு ஸ்பீக்கரில் ஊர் முழுக்கக் கேட்டது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் சர்வேயர்.

"என்ற பொண்ணு சொன்னா!"

"எப்பச் சொன்னாங்க?"

"வெள்ளிக்கிழமை பொழுதோட, அடுப்படியில உக்காந்து சந்..."

மைக் ஒரு விநாடி கீச்சிட்டது. அந்த ஒரு விநாடியில் கருக்கம்பாளையம் முழுவதும் வெள்ளிக்கிழமையை எண்ணிப் பார்த்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் விசிலடித்து அந்தப் பெண்ணைக் கோலாலம்பூரிலிருந்து கிளப்பிவிட்டிருந்தார்கள்.

முதலில் சிரித்தது கண்ணாத்தாள்தான். பிறகு கூட்டம் மொத்தமும். கோபுரத்தின் மேலிருந்த குருக்கள்கூடக் குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சர்வேயர் மட்டும் சிரிக்கவில்லை. தனப்பிரியாவின் சிங்கப்பூர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட் முத்திரையையும் வாங்கிப் பார்த்து, நாற்பத்தாறை அடித்துப் பதினைந்தரை என்று எழுதினார்.

"மோகன்குமாரைப் பத்தி உனக்குத் தெரியுமா பாப்பா?"

தனப்பிரியா சத்தியத்தை நினைத்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எங்கப்பாவுக்கு வெயில் ஒத்துக்கறதில்லை."

"அப்ப அவன் ஏறலைங்கறதுக்குச் சாட்சி இல்லை. அதுவரைக்கும் சின்னுசாமிதான் முதல்" என்றார் சர்வேயர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "சாட்சி கெடைச்சுதுன்னா, அடுத்தபடியா ஷீட்டுல இருக்கறது புனேயிலிருந்து ரயில்ல வந்த பையன். இருவத்தாறு மணி."

"அது யாரு பையன்?"

"என்ற பையன்தான்" என்றார் சர்வேயர் அடக்கமாக.

ஒன்பதுக்கு இன்னும் பத்து நிமிஷம். சர்வேயர் சாட்சி தேடிக் கூட்டத்துக்குள் புகுந்தார். மயில்சாமி மகளைத் தேடிக்கொண்டு மடப்பள்ளிப் பக்கம் போனார், திட்டுவதற்கு. அங்கே, அடுக்கி வைத்த அண்டாக்களுக்குப் பின்னால் சின்னுசாமி தனப்பிரியாவின் முன் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் அந்த மாலை இன்னும் இருந்தது. பூ வாடி நார் தெரிந்தது.

"உன்கிட்டப் பேசுனானா சாமி? ரெண்டு நாளா என்ற போனை எடுக்கவே மாட்டேங்கறான். கோவமா, ஒடம்புக்கு ஏதாச்சுமா, ஒண்ணுந் தெரியல. பரிவட்டங் கெடக்குது, அவன் எங்கன்னு மட்டும் சொல்லிரு."

தனப்பிரியா தன் போனில் மோகன்குமாரைக் கூப்பிட்டாள். வீடியோ காலில் போட்டுப் போனை அவர் கையில் கொடுத்தாள். திரையில் மோகன்குமார் வந்தான். பனியனோடு, பின்னால் சோபா, பாதி தின்ற பீட்சா. ஜன்னலுக்கு வெளியே டாலஸ் இருட்டியிருந்தது.

"அப்பா... மன்னிச்சுருங்கப்பா, லீவு..."

"சாப்பிட்டியாடா?" என்றார் சின்னுசாமி. துண்டால் மூக்கைத் துடைத்தார்.

மயில்சாமி அந்தப் போனைப் பார்த்தார். சாட்சி. பளிச்சென்ற வெளிச்சத்தில், ஆளும் ஊரும் சேர்த்து. ஒரு குரல் கொடுத்தால் போதும், சின்னுசாமியின் அறுபத்தொன்று காற்றில் போய்விடும். வாயைத் திறந்தார். அதற்குள் அண்டாக்களுக்கு அப்பால், "இந்தப் பக்கம் யாரோ போன்ல பேசுற சத்தம் கேக்குதே?" என்று சர்வேயரின் குரல் நெருங்கியது. இருபத்தாறு மணி நேரம், அதுவும் ரயிலில்! நிற்கிற ஸ்டேஷனிலெல்லாம் டீ குடித்துக்கொண்டு வந்தவனுக்குப் பரிவட்டமா?

மயில்சாமி தோள் துண்டை உதறி இரண்டு கையாலும் அகல விரித்து, சின்னுசாமியையும் போனையும் டாலஸையும் சேர்த்து மறைத்துக்கொண்டு நின்றார்.

"லைட்டை அணைச்சுட்டுப் பேசச் சொல்லுங்க பங்காளி" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒம்போது அடிக்கற வரைக்கும் அவன் ஆகாசத்துலதான் இருக்கோணும்."